ஜன்னலோரத்துச் சாம்பல் கோட்டு

ரோம் போகும் ரயிலின் மூன்றாவது பெட்டியில், மலைப்பக்கத்து ஜன்னலோர இருக்கைக்கு அன்று காலை ஐம்பது யூரோ விலை வந்தது. கேட்டவர் ஒரு ஹாலந்துக்காரர். தர மறுத்தவன் என் நண்பன் சில்வானோ. நடுவில் இருந்து மொழிபெயர்த்தவன் நான். தரகு என்று ஒரு காசு தேறவில்லை.

ரோமுக்கு டிக்கெட்டே ஐந்து யூரோவுக்குள்தான். நானோ சிவிதாவெக்கியா துறைமுகச் சந்தையில் மீன் விற்ற அப்பனுக்கும் துணி விற்ற அம்மாவுக்கும் பிறந்து, இரண்டு கடைக்கும் நடுவில் வளர்ந்தவன். சொல்லுகிற விலை வேறு, கொள்ளுகிற விலை வேறு என்பதை எழுத்துப் படிக்கும் முன்பே படித்தவன். ஐந்து யூரோ சரக்குக்கு ஐம்பது விழுந்தால் கை தானாக நீளும். என் கை நீண்டது. நீண்டு சில்வானோவின் முழங்காலைத் தட்டியது. அவன் பார்த்த பார்வையில் மடக்கிக்கொண்டேன்.

அந்த இருக்கை யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு அடுத்த நிறுத்தம் சாந்தா மரினெல்லா. அங்கே ஏறுகிறவள் நீவெஸ். ரோமில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். கணவன் தவறிப்போய்ப் பல வருஷம். ஒரே மகன் தூரினில் வேலை பார்க்கிறான். தன் தொழிலுக்குத் தானே விளம்பரம் என்பதுபோல் பச்சைச் சட்டமிட்ட கண்ணாடியோடுதான் எப்போதும் வருவாள். சில்வானோ ரோமின் பழைய குடியிருப்புகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஐம்பத்தேழு வயது, கல்யாணம் இல்லை. அம்மா கண் மூடும்வரை அம்மாவோடு இருந்தவன். எங்கள் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு. அம்மா கைச் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்க மனம் வராமலே தலை நரைத்தவர்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நல்ல நெரிசலில், கை நிறைய லென்ஸ் பெட்டிகளோடு தவித்துக்கொண்டிருந்த நீவெஸுக்கு இவன் தன் இடத்தைக் கொடுத்தான். மறுநாளிலிருந்து அவளுக்காகப் பக்கத்து இடத்தைப் பிடித்து வைக்க ஆரம்பித்தான். வண்டி எங்கள் ஊரில்தான் புறப்படுகிறது. ஆகவே துண்டு போடும் உரிமை எங்களுக்கு. ஒருவர் செய்தித்தாள் போடுவார், ஒருவர் குடையை வைப்பார். சில்வானோ தன் பழைய சாம்பல் நிற வேலைக் கோட்டை ஜன்னல் கொக்கியில் மாட்டுவான். காலை வெயில் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் அடிப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே முகம் தெரியாது. கண்ணாடியை ஒட்டித் தொங்குகிற துணி மட்டும் தெரியும். நீவெஸ் பிளாட்பாரத்தில் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். சாம்பல் தெரிந்த பெட்டியில் ஏறிக்கொள்வாள். வண்டி ஒரு நாள் நீளமாக வரும், ஒரு நாள் குட்டையாக வரும். பெட்டியை எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: நேற்று யார் மாட்டிக்கொண்டார்கள்? இவன் சொல்வான். ஒரு நோட்டரி மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில். அண்டை வீட்டுக்காரிகள் இரண்டு பேர், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரே லிஃப்டில் முக்கால் மணி நேரம். வெளியே வரும்போது சம்பந்தி ஆகிவிட்டிருந்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். ரோமுக்குள் நுழைந்ததும் சான் பியெத்ரோவில் அவனும் நானும் இறங்கிவிடுவோம். அவள் அடுத்த நிறுத்தத்துக்குப் போவாள். அவ்வளவுதான். ஆறு வருஷமும் அம்மணி என்கிற 'சிஞ்ஞோரா', மரியாதைக்கு 'நீங்க'. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. ஏனடா என்றால், தினமும்தான் பார்க்கிறோமே, போன் எதற்கு என்பான்.

அவர்களுக்கு எதிரே ஜன்னலோரம் நான். என் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி. ரோமில் ஒரு மடத்துச் சமையலறை அவர் பொறுப்பு. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊரில் மூடும் கண்ணைச் சான் பியெத்ரோவில்தான் திறப்பார்.

இப்போது கப்பல் நாள் பற்றி. ரோமைப் பார்க்கக் கப்பலில் வருகிறவர்கள் ரோமில் இறங்க முடியாது. எங்கள் ஊரில்தான் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் அவர்கள் பார்ப்பது ரயில் நிலையம் ஒன்றை மட்டும். ஒரு கப்பல் நின்றால் நெரிசல். இரண்டு நின்றால் திருவிழா. மூன்று நின்றால், அன்றைக்கு அப்படித்தான் நின்றன, வண்டி கிளம்பும் முன்பே மூச்சுவிட இடம் இருக்காது. நெஞ்சில் எண் ஒட்டிய ஸ்டிக்கரோடு, ஏலத்துக்கு வந்த ஆடுகள் மாதிரி கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். பத்து நாளாகக் கடலிலேயே கிடந்துவிட்டு ரயிலேறியதும் கடல் பக்கத்து ஜன்னலுக்கே ஓடுவார்கள். அதனால்தான் நாங்கள் மலைப்பக்கம்.

எனக்கு அவர்கள்மேல் குறை கிடையாது. சான் பியெத்ரோவில் எனக்குத் தோல் பைகள் விற்கும் கடை. ரயில் என் முன்கடை. பிளாட்பாரத்து இயந்திரத்தில் டிக்கெட்டுக்கு முத்திரை குத்தாமல் ஏறப்போகிறவர்களைக் கூப்பிட்டுக் குத்திக் கொடுப்பேன், எந்தப் பக்கம் இறங்குவது என்று சொல்லுவேன். இறங்கும் நேரத்தில் கடை அட்டையும் கொடுப்பேன். ஐந்து மொழியில் பேரம் பேசுவேன். ஒன்றிலும் கவிதை வராது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு விசேஷம் இருந்தது. நீவெஸின் முதலாளி எங்கள் சிவிதாவெக்கியாவிலேயே ஒரு கிளை திறக்கிறார். திங்கட்கிழமை முதல் அவள் அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அதாவது, இவன் தினமும் ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அவள் இவன் ஊருக்கு வந்து இறங்குவாள். இதைவிடக் கெட்ட பேரத்தை நான் பார்த்ததில்லை. வியாழன் சாயங்காலம் திரும்பி வரும் வண்டியில் நான் அவனிடம் சொன்னேன்:

"நாளைக்கு நீ வாயத் தொறக்கலேன்னா, திங்கட்கிழமையிலேந்து அந்த சீட்ல உன் கோட்டு மட்டும்தான் உக்காந்து வரும்."

"என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. ஒரு காப்பிக்குக் கூப்பிடு."

அவன் எங்கள் ஊர் வரும்வரை கைவிரல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். விரல் நகத்தில் கிரீஸ் இருந்தது.

மறுநாள் காலை அந்த நகங்கள் பளிச்சென்று இருந்தன. முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். மேலே கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்களோடு. அவன் அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்குப் பார்த்தது. யாருக்குடா கல்யாணம் என்று கேட்டேன். காது சிவந்தது. கருநீலக் கோட்டைக் கழற்றி, தோள்பட்டை கசங்காமல் ஜன்னல் கொக்கியில் மாட்டினான். வேலைக்கு வேண்டிய சாம்பல் கோட்டைச் சுருட்டிக் கருவிப் பைக்குள் திணித்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டான். அழுக்குத் துணியை அவள் இன்றைக்குப் பார்க்க வேண்டாம் என்று எண்ணம். சரக்கு நன்றாக இருந்தால் பொட்டலமும் நன்றாக இருக்க வேண்டியதுதானே என்று நானும் தலையை ஆட்டினேன். வியாபாரி புத்தி அவ்வளவு தூரம்தான் போகும்.

ஹாலந்துக்காரர் பெயர் கெரிட். கதவு நிலை இடிக்கிற உயரம். அவர் மனைவி தினெக்கே கைத்தடியோடு நின்றாள். இடுப்பு எலும்பு மாற்றி இன்னும் வருஷம் ஆகவில்லையாம். ரோமுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகக் கப்பலில் ஆளுக்கு நூறு யூரோவுக்குமேல் கேட்டிருக்கிறார்கள். கெரிட் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ரயிலுக்கு வந்துவிட்டார். அதைக் கேட்டதும் நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வண்டி இப்படி நிரம்பும் என்பது அவர் கணக்கில் இல்லை.

ஆள் இல்லாத இருக்கை ஒன்று, கோட்டு மட்டும் தொங்குகிறது. அவர் கண் அதில் விழாமல் இருக்குமா? யாருக்கு என்று கேட்டார். ஆள் வருகிறது என்றேன். பத்து யூரோ தருகிறேன் என்றார். சில்வானோ பதில் பேசவில்லை. இருபது என்றார். அப்போதும் பேசவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பவனைப் போலக் கெட்டிக்கார வியாபாரி கிடையாது என்பது கெரிட்டுக்கும் தெரிந்திருந்தது. ஒரு தரம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கைத்தடியைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்திருந்தது. உடனே ஐம்பது என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனம் வராமல் ரயிலுக்கு வந்த மனிதர் அவர். அந்த ஐம்பது இருக்கைக்குப் போட்ட விலை இல்லை என்பது எனக்கு விளங்கியது. பர்ஸை அவர் மூடவே இல்லை, அறுபதும் தயாராக இருந்தது.

"விக்கறதுக்கில்லன்னு சொல்லு," என்றான் சில்வானோ.

சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. சரக்கின் கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் சரக்கை மறுத்ததும் கிடையாது, விற்றதும் கிடையாது. அடுத்த நிறுத்தத்தில் ஏறப்போகிற ஒரு சிஞ்ஞோராவுக்கு, ஆறு வருஷமாக, இன்றோடு கடைசி, இவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். தினெக்கே கவனமாகக் கேட்டாள். பிறகு புருஷன் கையைத் தொட்டு, எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள்:

"காச உள்ள வைங்க, கெரிட். இது அந்த மாதிரி எடம் இல்ல. நான் நின்னுக்கறேன். அந்தம்மாவப் பாக்கணும்போல இருக்கு."

இதை நான் இத்தாலிய மொழியில் சொல்லி முடிக்கும் முன்பே சில்வானோ எழுந்து நின்றுவிட்டான். தன் இருக்கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னான்.

"டேய், அப்பறம் நீ எங்க உக்காருவே? அவகிட்ட எப்பிடிப் பேசுவே?"

"அவங்க எடம் அவங்களோடது, அதக் குடுக்க எனக்கு உரிமை இல்ல. இது என்னோடது. இதக் குடுக்கலாம்ல?"

தினெக்கே உட்கார்ந்தாள். உட்காரும்போது அவள் விட்ட மூச்சு பெட்டி முழுக்கக் கேட்டது. வண்டி கிளம்பியது.

சாந்தா மரினெல்லாவுக்கு அதிக நேரம் இல்லை. இவன் நடைபாதையில் நாலு பேருக்கு நடுவில் நின்று, தலைகளுக்கு மேலே கழுத்தை நீட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, ஒத்திகை பார்க்கிறான். நானும் எழுந்து கதவுப் பக்கம் பார்த்தேன். அங்கேதான் எல்லாம் நடக்கப்போகிறது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

வண்டி நின்றது. கதவு திறந்தது. யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் பையை முன்னால் தள்ளி ஏறிக்கொண்டான். அவ்வளவுதான். நீவெஸ் ஏறவில்லை. விசில் ஊதினார்கள். கதவு மூடியது.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. எந்த நிறுத்தத்து ஆளுக்காக இடம் பிடித்தாயோ, அந்த நிறுத்தத்தில் கதவு மூடும்வரை துண்டுக்கு மரியாதை. மூடிவிட்டால் அது வெறும் துணி. சில்வானோ கையை நீட்டிக் கருநீலக் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தான். கெரிட்டை உட்காரச் சொல்லி ஜாடை காட்டினான். கெரிட் என்னைப் பார்த்தார். காசு வேண்டாம், சட்டம் அப்படி என்றேன். சாவு வீட்டில் உட்காருவது போல இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

சில்வானோ கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றான். நின்றவன் மெதுவாகச் சொன்னான்:

"கடைசி நாள்னு வராமலே இருந்துட்டாங்க போல. நான் ஏதாவது சொல்லிடுவேன்னு பயந்திருப்பாங்க."

எனக்குப் பேரம் பேச வரும், ஆறுதல் சொல்ல வராது. ஜன்னலைப் பார்த்தேன்.

அப்போது தினெக்கே ஏதோ கேட்டாள். நான் சரியாகக் கவனிக்கவில்லை. திரும்பவும் கேட்டாள்: இங்கே பிளாட்பாரத்தில் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போகிற வழக்கம் உண்டா?

"ஏன் கேக்கறீங்க?"

"ஒரு அம்மா இந்த ஜன்னல்கிட்டயே வந்து நின்னாங்க. பச்சைக் கண்ணாடி போட்டிருந்தாங்க. தொங்கின கோட்டப் பாத்தாங்க. வீடு மாறி வந்து கதவத் தட்டிட்ட மாதிரி முகம் ஆயிடுச்சு. அப்பறம் அவசர அவசரமாப் பின்பக்கம் போயிட்டாங்க."

பச்சைக் கண்ணாடி பற்றி நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் நாலு கண்ணும் பார்க்காததை, இவன் இடம் கொடுத்து உட்கார வைத்த பெண் பார்த்திருக்கிறாள். சில்வானோவுக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவன் கையிலிருந்த கருநீலக் கோட்டைப் பார்த்தான். பித்தளைப் பொத்தானைப் பார்த்தான். காலடியில் இருந்த கருவிப் பையைப் பார்த்தான். அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கெட்ட வார்த்தை. கன்னியாஸ்திரி கண் திறக்கவில்லை.

போன் நம்பர் கிடையாது. பின்னால் நடந்து போகலாம் என்றால் மூன்று கப்பல் ஜனம் நடைபாதையில் நிற்கிறது. இந்த வண்டி நடுவில் எங்கும் நிற்காமல் லதிஸ்போலியில்தான் நிற்கும். சில்வானோ குனிந்து பையைத் திறந்தான். சாம்பல் கோட்டை இழுத்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் பழைய சர்க்கரைப் பொட்டலத்தையும் எடுத்துவிட்டு, கோட்டை என்னிடம் நீட்டினான்.

"அனுப்பு."

"என்னன்னு சொல்லி அனுப்பறது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாத்தாத் தெரியும்."

இந்த வேலைக்கு ஒரு சந்தைத் தொண்டை வேண்டும். என் அப்பா இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் மத்தி மீன் விலை இறங்கும் என்பார்கள். நான் இருக்கைமேல் ஏறி நின்று ஐந்து மொழியிலும் கத்தினேன்: பின்னாலே பச்சைக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருக்கிறாள், இதை அவள் கையில் சேர்த்துவிடுங்கள். கெரிட் எழுந்து நின்று தன் பாஷையில் கத்தினார். அவர் கப்பலில் பாதிப்பேர் ஹாலந்துக்காரர்களாம். கோட்டு முதல் கைக்குப் போனது, அடுத்த கைக்குப் போனது. தலைகளுக்கு மேலே, கைக்குக் கை மாறி, சாமி பல்லக்கு போலப் போனது. ஸ்பெயின்காரி ஒருத்தி தடவிப் பார்த்து விலை கேட்டாள். விற்பனைக்கில்லை என்று அன்று இரண்டாவது முறையாகச் சொன்னேன். பெட்டிக் கடைசியில் இணைப்பு வழிக்குள் ஒரு சாம்பல் கை தொங்கி ஆடியது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கோட்டு போய்ச் சேர்ந்ததா, நடுவில் யாராவது தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. தினெக்கே கைத்தடியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கெரிட் உட்காரவே இல்லை.

அந்த நேரத்தில் என் பக்கத்துக் கன்னியாஸ்திரி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தம்பி, அவ வந்தா இன்னிக்காவது பேசிடு. நீங்க ரெண்டு பேரும் சங்கடப்படாம பேசிக்கட்டுமேன்னு ஆறு வருஷமா தூங்கற மாதிரி நடிக்கிறேன். கழுத்து போச்சு."

திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். சில்வானோவுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

லதிஸ்போலியில் வண்டி நின்றது. நான் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் பின்பக்கத்திலிருந்து சாம்பல் நிறமாக ஒன்று ஓடி வந்தது. நீவெஸ். கோட்டைக் கையில் வைத்திருக்கவில்லை, போட்டுக்கொண்டிருந்தாள். கோட்டின் கை நீண்டு விரல்களை மூடியிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தாள். எங்கள் ஜன்னலில் தொங்க ஒன்றும் இல்லையே என்று எனக்கு உறைத்தபோது, சில்வானோ கருநீலக் கோட்டை உதறி எறிந்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அழுத்தி வைத்திருந்தான்.

அவள் நின்றாள். பார்த்தாள். கதவுக்கு ஓடினாள்.

விசில் ஊதியாயிற்று. கதவு மூட ஆரம்பித்தது. கெரிட் எப்போது கதவுக்குப் போனார் என்று தெரியாது. மனைவியின் கைத்தடியைக் குறுக்கே நீட்டி, தன் தோளையும் கொடுத்து நின்றார். அபராதம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நீவெஸ் அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள்.

ஜன்னலோரம் அவளுக்குக் காலியாக இருந்தது. சில்வானோவுக்கு? நான் எழுந்தேன். ரோமுக்குப் போகும் வழியில் நான் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. அது தொழில் தர்மம். அன்று கொடுத்தேன். ஆறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டே பேசியவர்கள், முதல் தடவையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். கன்னியாஸ்திரி மும்முரமாகத் தூங்கினார். தினெக்கே நாகரிகமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் பாஷை தெரியாவிட்டாலும் காதை இங்கேயே வைத்திருந்தாள். நான் எதற்கும் திரும்பவில்லை.

நீவெஸுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"வேற யாரோ எடம் புடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க இன்னிக்கு வரலைன்னு நெனச்சேன். கடைசி நாள்னு தெரிஞ்சே வரலைன்னு." கீழே கிடந்த கருநீலக் கோட்டைப் பார்த்தாள். "இது யாரோட கோட்டு? எதுக்கு?"

"என்னோடதுதான். உங்களுக்காகத்தான் போட்டேன்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவன் தொண்டையைச் செருமினான். அப்புறம், பழுதான லிஃப்ட்டைப் பற்றிச் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்:

"திங்கட்கிழமையிலேந்து நீங்க வர்ற வண்டி, நான் போற வண்டிக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துடுது. நடுவுல ஒரு காப்பி குடிக்க நேரம் இருக்கு. ஸ்டேஷன்லயே. நின்னுக்கிட்டேதான். உங்களுக்குத் தோதுப்பட்டா."

"எனக்கும் தெரியும். நானும் நேரம் பாத்து வெச்சிருக்கேன்."

கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கக் கைக்குட்டை தேடாமல் அந்தச் சாம்பல் கோட்டின் கையாலேயே துடைத்தாள். கிரீஸ் பட்டிருக்கும், கவலைப்படவில்லை.

"ஆனா காப்பி திங்கட்கிழமைதான. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு. பையன் தூரின்லேந்து வர்றான். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வா."

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஆண்பிள்ளையைக் கூப்பிட்டு, மகன் பக்கத்தில் இலை போடுவது போலத் தட்டு வைப்பதென்றால், அதற்குமேல் அக்கம்பக்கத்துக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இவன் கேட்டது நின்றுகொண்டே குடிக்கும் ஒரு காப்பி. வாங்குகிறவளே விலையை ஏற்றியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

சில்வானோ தலையை ஆட்டினான். பிறகு, வேறு எதுவும் தோன்றாமலோ என்னவோ, நேற்று ஐந்தாவது மாடியில் ஒரு பியானோ ஆசிரியர் மாட்டிக்கொண்ட கதையைத் தொடங்கினான். அவள் வழக்கம்போலச் சிரித்தாள். சான் பியெத்ரோ வந்தது. நான் இறங்கினேன். கன்னியாஸ்திரி இறங்கினார். கெரிட்டும் தினெக்கேயும் இறங்கினார்கள். திரும்பிப் பார்த்தால் அவன் இறங்கவில்லை. வண்டி அவனோடு அடுத்த நிறுத்தத்துக்குப் போனது.

கணக்கை முடித்துவிடுகிறேன். கெரிட்டின் ஐம்பது யூரோ கெரிட்டிடமே இருக்கிறது; இருக்கைக்கு உண்டான காசைக் கதவில் தோள் கொடுத்துத் தீர்த்துவிட்டார். தினெக்கே தனக்குக் கிடைத்த இடத்துக்கு ஒரு பச்சைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லி, வட்டியோடு அடைத்துவிட்டாள். அன்று என் கடையில் அவளுக்கு ஒரு பை எடுத்தார்கள்: நான் சொன்னது நூற்றிருபது, கெரிட் சொன்னது நாற்பது, முடிந்தது அறுபத்தைந்து. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார். நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள், அந்தி வண்டியில் ஏற்றிவிட்டது நான்தான். சில்வானோ நேரத்துக்கு வராததால் ஒரு நோட்டரி ஐந்து மாடி ஏறியது நஷ்டத்தில் சேரும். கன்னியாஸ்திரியின் கழுத்து வலி தீர்ந்தது வரவில். லதிஸ்போலியிலிருந்து நான் நின்றுகொண்டே போனதற்கு அடுத்த வாரம் அவன் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தான், அதுவும் சரியாகிவிட்டது.

பாக்கி ஒன்றே ஒன்று: அந்தச் சாம்பல் கோட்டு. அன்று போட்டுக்கொண்டு போனவள் திருப்பித் தரவில்லை. சில்வானோ இரண்டு தடவை கேட்டானாம். மூன்றாவது தடவை கேட்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.